பதினேழு நிமிடம் எடுக்கும் கணினி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கற்பனை வளம் என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம். தைவானின் காவோசியுங்கில், என் அக்கா பி-யுன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "கணினி விழித்தெழப் பதினேழு நிமிடம் ஆனது. அதற்குள் அக்கா

(விட்டுவிட்டேன். அக்கா நகத்தைக் கடித்தாள் என்று எழுத இவ்வளவு ஜோடனை எதற்கு?)

இரண்டாம் தொடக்கம், நேராக: அத்தான் ஜின்-தே மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். காணாமல் போய் நாற்பது நாள். மொரீஷியசில் அவராகவே இறங்கிப் போய்விட்டார் என்று கப்பல் நிறுவனம் சாதிக்கிறது. அதனால் கடலில் யாரும் தேடவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி இரண்டு நாள் கழித்து, கப்பல் தளத்தில் நின்றபடி அவர் அக்காவுக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தார். செல்பேசியில் இடமில்லையென்று அவள் அதைக் கணினிக்கு மாற்றி, செல்பேசியில் அழித்துவிட்டாள். அரட்டைச் செயலியில் தேடினால் கோப்பு காலாவதி என்று வருகிறது. திங்கட்கிழமை விசாரணை. இன்று சனி.

2

கணினி பழுதுபார்க்க வந்த லியாவ் அண்ணனை நகைச்சுவைப் பாத்திரமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். [அவர் பயந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.]

கணினிப் பெட்டியின் மேல் ஆறு பச்சைப் பொட்டலங்கள்* இருந்தன.

"இத எடுத்துட்டுப் பாருங்களேன், லியாவ் அண்ணே," என்றேன்.

"ஐயோ, நான் தொட மாட்டேம்மா. பழுது பாக்கறவன் எடுத்தா, ஓடுறதும் நின்னுடும்."

பொட்டலங்களை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். தானாகத் தொடங்கும் நிரல்களை ஏற்கெனவே ஒருமுறை வந்து நிறுத்தியிருந்தார். இன்று கணினியை மறுபடி போட்டார். பத்தொன்பது நிமிடம் ஆகியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காதைப் பெட்டியில் வைத்தவர் சட்டென்று அணைத்தார்.

"உள்ள டிக் டிக்குனு சத்தம். வட்டு போகுது. பெட்டி கொதிக்குது பாருங்க. காத்து போற ஓட்டை மேல யாரு இத அடுக்கினது?"

"நான்தான்," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

_____
* சோளப்பொரி. இயந்திரம் அடம் பிடிக்காமல் இருக்க எங்கள் ஊரில் அதன் மேல் வைப்போம். பச்சை உறைதான் வேண்டும். தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது.

3

இந்த இடத்தில் அக்கா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இதிலெல்லாம் அவளுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. முதல் வரைவில் அவளே அடுக்கியதாக எழுதி, வசதியாகத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுக்கியது நான். ஒவ்வொரு முறை கணினி மெதுவானபோதும் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். அத்தான் காணாமல் போனபின் மட்டும் நான்கு. அப்போதே ஒரு நகல் எடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல்தான் செய்தேன்.

4

லியாவ் வட்டைக் கழற்றி நகலெடுக்கும் பெட்டியில் மாட்டிவிட்டார். "இன்னும் ஒரு தடவ சுத்தலாம். சுத்தாமலும் போகலாம். சுத்துறப்போ கீறிடுச்சுன்னா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. தைபெய்ல ஒருத்தர் இருக்காரு, மூணு வாரம் கேப்பாரு."

முடிவு அ: வட்டு ஓடுகிறது. அத்தான் தளத்தில் நின்று சிரிக்கிறார், பின்னால் கப்பலின் எண். [மூன்று முறை எழுதினேன். ஒருமுறையும் நம்ப முடியவில்லை.]

முடிவு ஆ: டிக், டிக், அப்புறம்

முடிவு இ: தைபெய்க்கு அனுப்புகிறோம். திங்களன்று வெறுங்கையோடு போகிறோம். விசாரணைக் கோப்பை மூடுகிறார்கள்.

"மூணு வாரம் உன் அத்தான் தாங்குவாரா?" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "நீ பொத்தான அழுத்து. எனக்குக் கை வரல."

ஒரு பக்கம் எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்று லியாவ் பார்த்தார். அக்கா சரியென்றாள்.

5

"எழுதி முடிச்சியாடி?"

"இன்னும் ஒரே வரிக்கா."

"கதைய அப்புறம் எழுதிக்கலாம். வா."

அவள் குரல் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை காணொளி அந்த வட்டில் இருக்கிறது, அத்தான் தளத்தில் நிற்கிறார். வாக்கியம் முடிந்தால் நான் எழுந்து போய் அழுத்த வேண்டும். அதனால் கடைசிப் புள்ளியை நான் வைக்கப்போவதில்லை, வைக்கிற தைரியம் உங்களுக்கு இருந்தால் வையுங்கள், அக்கா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது, என் பக்கம் வருகிறாள், என் கையைப் பிடித்து