இருபத்து மூன்றாம் எண்ணுக்கு முன்னால்

ஆல்மா தெருவில் யாருடைய கார் எங்கே நிற்க வேண்டும் என்று எந்தப் பலகையும் சொல்லாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய நாற்பது வீடுகள். வாசற்படியைத் தாண்டினால் நடைபாதை, நடைபாதையைத் தாண்டினால் ரோடு. அவரவர் ஜன்னலுக்கு முன்னால் உள்ள ஒரு கார் நீளம் அவரவருக்கு. சட்டப்படி அது யாருக்கும் சொந்தமில்லை. அந்தச் சட்டத்தை ஒருமுறை உரக்கச் சொன்னவர் ஆறே மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாம் எண்ணுக்கு முன்னால் ஆறு மாதமாகக் கார் இல்லை.

அந்த வீட்டு ஸ்டூவர்ட் பில்லிங்குக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்லூரி அலுவலக வேலைக்கு பிளாக்பர்ன் நகரத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறவன். ஓட்டியவள் அவன் மனைவி லியான். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு முப்பது வயது. ஏப்ரலில் அவள் அண்ணன் வந்து அந்தச் சிறிய சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போனான். ஸ்டூவர்ட் வாசலில் நின்று கையசைத்தான். அண்ணனுக்கா காருக்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

லியான் வேலை முடிந்து வர எந்நேரமும் ஆகும். அதற்குள் யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று எதிர்வீட்டு பாலின் ஹாவர்த் நாலு மணிக்கெல்லாம் அங்கே, ரோட்டை மறிக்க வைக்கிற ஓர் ஆரஞ்சு பிளாஸ்டிக் கூம்பைக் கொண்டுவந்து வைப்பாள். ரோடு போட வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன கூம்பு என்பாள். மறந்துதான் போனார்களா என்று யாரும் கேட்டதில்லை. பாலினுக்கு அறுபத்தெட்டு வயது, காலில் ஆறாத புண். கட்டு மாற்ற அட்டவணையில் இல்லாத நாளிலும் லியான் காரை நிறுத்திய கையோடு ஒரு நடை எதிர்வீட்டுக்குப் போய்வருவாள்.

கார் போன மறுநாளும் கூம்பு வந்தது. பழக்கதோஷம் என்று ஸ்டூவர்ட் நினைத்தான். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. பத்தொன்பதாம் எண் கீத், இடுப்பு வலிக்காரர், மூலையிலுள்ள தேவாலயத்தருகே காரைப் போட்டுவிட்டு, மழையில் மளிகைப் பையைச் சுமந்துகொண்டு அந்தக் காலி இடத்தைக் கடந்து நடந்தார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இது பழக்கமில்லை. தெரு கூடித் தீர்மானித்திருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

சொல்லத்தான் யார் இருந்தார்கள்? எதிர்ப்பட்டால் நல்லாருக்கியா என்பார்கள், நல்லாருக்கேன் என்பான். முதல் இரண்டு வாரம் வாசற்படியில் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து வைத்த கறி, உருளைக்கிழங்குப் பாத்திரங்கள் காத்திருந்தன. தின்றதைத் தின்றான், மீதியைக் கொட்டினான், பாத்திரங்களைக் கழுவி அவரவர் வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினான். அதன் பிறகு பாத்திரங்கள் வருவது நின்றது. கூம்பு நிற்கவில்லை.

கூம்பு வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் ஏன் என்று கேட்டால், அவள் இனி வரமாட்டாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினான். மற்றவர்களுக்கு அவள் அண்ணன் சொன்னான். இவன் தினமும் ஐந்தரைக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே அந்தக் கார் நீளத்தைப் பார்த்தான். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். வேறொன்றும் நடக்காது.

அக்டோபர் கடைசியில் இருபத்தைந்தாம் எண்ணுக்கு சுபைர் என்பவர் வாடகைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வேனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வந்த அன்றே கூம்பை எடுத்து நடைபாதையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் வெள்ளை வேனை நிறுத்தினார். அவருக்கு எதுவும் தெரியாது.

ஸ்டூவர்ட் வந்து பார்த்தான். முன்னறை இருண்டு கிடந்தது. ஜன்னல் முழுக்க வேனின் பக்கவாட்டுத் தகடு, நடுவில் ஒரு நசுங்கல். விளக்குப் போடாமல் உட்கார்ந்து ரொட்டியும் பீன்ஸும் தின்றான். பல மாதங்களுக்குப் பிறகு, உப்பு குறைவாக இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. சோபாவிலேயே தூங்கி, விடியும்வரை விழிக்கவில்லை.

காலையில் வேன் கண்ணாடியில் ஒரு காகிதம் செருகியிருந்தது. மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் பாலின் வந்து கதவைத் தட்டினாள். வீட்டுச் செருப்பு, இரவு உடைக்கு மேல் கோட்டு.

"கண்ணு, அந்த ஆளுகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா, கெழவி ஏதோ ஒளர்றாங்கிற மாதிரி சிரிக்கிறான்."

"என்ன சொல்லணும்?"

"அது லியானோட எடம்னு சொல்லு. வேற என்ன?"

அவன் அவள் செருப்பைப் பார்த்தான். சரி என்றான். சொல்லவில்லை. அவன் சொல்லமாட்டான் என்று பாலினுக்கும் தெரிந்திருக்க வேண்டும், கீத்தை அனுப்பினாள். அன்று சாயங்காலமே சுபைர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"பிரதர், சத்தியமா எனக்குத் தெரியாது. யாராவது மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு சக்கரம்கூட வச்சிருக்க மாட்டேன். துண்டுச் சீட்டுல இருந்ததெல்லாம் வெறும் திட்டுதான், வெவரம் ஒண்ணுமில்ல. மன்னிச்சிடுங்க."

நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஸ்டூவர்ட் வாயைத் திறந்தான். பரவாயில்லை என்று வந்தது. சுபைர் அவன் தோளைத் தொட்டுவிட்டு, வேனைத் தேவாலயத்தருகே கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு சுபைருக்குத் தெருவில் நட்புக்குக் குறைவில்லை. கீத்தும் அவரும் தேவாலயத்திலிருந்து சேர்ந்து நடந்து வந்தார்கள், ஒருவர் பையை ஒருவர் வாங்கிக்கொண்டு. எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டி என்று பாலின் அவருக்குப் பாடம் எடுத்தாள். காகிதங்களில் எழுத்துப்பிழை இருந்தது என்று அவர் அவளைக் கிண்டல் செய்தார். அவள் சிரித்தது ஸ்டூவர்டின் முன்னறைக்குள் கேட்டது. அவன் மனைவியின் இடத்தைச் சுற்றித் தெரு ஒன்றுகூடியிருந்தது. அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தான்.

சனிக்கிழமை நல்ல மழை. நாலு மணிக்கு பாலின் கூம்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். பாதி ரோட்டில் நின்று மூச்சு வாங்கினாள். கட்டுப் போட்ட காலின் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றினாள். ஸ்டூவர்ட் எழுந்து கதவைத் திறந்தான். அவள் கூம்பை வைத்து நிமிரும்வரை காத்திருந்தான்.

"வேண்டாம், பாலின்."

"என்னது?"

"அதை வைக்காதீங்க. அவ இனிமே வரமாட்டா."

சொல்லிவிட்டான். மழை அதுபாட்டுக்குப் பெய்தது.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் பாலின். "அவ செத்தது தெரியாமலா இத்தன நாளா வைக்கிறேன்? புத்தி பெசகிடுச்சுன்னு நெனச்சியா?"

"பின்ன எதுக்கு?"

"உனக்காகத்தான். வேற என்னத்தச் செய்ய விட்ட நீ? சட்டியத் திருப்பிக் குடுக்கறவன் கதவத் தட்டுவான். உள்ள வந்து ஒரு வாய் டீ குடிப்பான். நீ திருடன் மாதிரி படியில வச்சிட்டு ஓடிட்ட. சரி, அவன் யாரையும் பாக்க விரும்பல, எடத்தையாவது காப்பாத்துவோம்னு நெனச்சோம்."

"என்னால அதைப் பார்க்க முடியல. தெனமும் வேலை முடிஞ்சு வந்தா அந்த வெத்து எடம்தான் எனக்காகக் காத்திட்டிருக்கு. வேன் நின்ன அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்."

பாலின் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து கூம்பை எடுத்தாள். அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் கதவு சாத்திக்கொண்டது.

ஸ்டூவர்ட் கொஞ்ச நேரம் நனைந்தான். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வேனைக் கொண்டுவரச் சொன்னான். தேவாலயத்துலேருந்து நடந்து நான் நனையறேன்னு பாவம் பாத்துச் சொல்றீங்களா என்று சுபைர் கேட்டார். இல்லை, எனக்காகத்தான் என்றான். சுபைர் தலையைச் சொறிந்தார்.

"கீத் என்னை உசுரோட விடமாட்டாரு."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. முன்னறை இருண்டது. ஸ்டூவர்ட் சோபாவில் உட்கார்ந்து, அன்றைக்கு வந்த அந்த நிம்மதி மறுபடி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. எதுவோ குறைந்தது. என்ன என்று தெரிய நேரமாயிற்று. எதிர்வீட்டு ஜன்னல் தெரியவில்லை. தினமும் இந்த நேரத்தில் அங்கே திரைக்குப் பின்னால் தொலைக்காட்சி நீலமாக மினுங்கும், பாலினின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தக் காலி இடத்தின் மேலாக இத்தனை மாதமும் அதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இடத்தை மட்டும் பார்த்ததாகத்தான் நினைத்திருந்தான்.

கோட்டை மாட்டினான். வேனைச் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். எதிர்வரிசையில் பாலினின் இருபத்தாறாம் எண் கதவைத் தட்டினான். திறக்க நேரமாயிற்று. திரும்பிப் போய்விடலாம் என்று ஒருமுறை நினைத்தான். கதவு திறந்தது. பாலின் அழுதிருந்தாள், அல்லது சளி.

அவன் படியிலேயே நின்றான்.

"வர்றதுன்னா உள்ள வா," என்றாள். "இல்லன்னா போ. கதவத் தொறந்து வச்சிட்டு நிக்காத, இருக்கற சூடெல்லாம் தெருவுக்குப் போகுது."

உள்ளே போனான். ஒரே ஓர் அறைதான் சூடாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் தூக்கி வைத்தாள். கட்டின் நுனி அவிழ்ந்து தொங்கியது. புது நர்ஸ் என்றாள், இறுக்கவே தெரியவில்லை என்றாள். அவனுக்கும் அதைச் சரிசெய்யத் தெரியாது. தொலைக்காட்சியில் கேள்வி பதில் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனிடம் கேட்காமல், திரையைப் பார்த்தே விடைகளைச் சொன்னாள். பாதி தவறு.

விளம்பரம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனாள். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கதவருகே வந்து நின்றாள்.

"உனக்குச் சர்க்கரை உண்டா?"

ஆறு வருடம் எதிரெதிர் வீடு. லியானுக்கு எத்தனை ஸ்பூன் என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம்," என்றான் ஸ்டூவர்ட். "பால் மட்டும்."