நெக்மத்தின் சம்மதம்

1

இந்தக் கதை முதலில் ஒரு மனுவாக இருந்தது. எதிர்வீட்டு சபோஹத் அக்கா வீட்டை விற்பதற்காக நான் எழுதிக் கொடுத்த மனு. நோட்டரி அம்மா அதைப் படித்துவிட்டு, "கதையெல்லாம் எழுதாதீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சரி, கதையாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் எழுதுகிறேன், ஒழுங்கு எதிர்பார்க்காதீர்கள்.

முதல் தொடக்கம்: "குஜந்த் நகரின் பழைய பகுதியில், ஆற்றின் மேல் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்…"

வேண்டாம். மூடுபனிக்கும் இந்த அநியாயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது தொடக்கம்: போன குளிர்காலத்தில் சபோஹத் அக்கா முற்றத்துக் குழாயடியில், உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவருடையது பழைய மண்வீடு. தண்ணீரும் கழிப்பறையும் வெளியே. இன்னொரு குளிர்காலம் அங்கே தனியாக இருந்தால் பிழைக்க மாட்டார். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், வெந்நீர்க் குழாயோடு ஒரு சின்ன ஃபிளாட் கிடைத்திருக்கிறது. மண்வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். மண்வீட்டை வாங்க ஆளும் தயார். பனி விழும் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இதுவே இருக்கட்டும்.

2

பழைய வீட்டை விற்பதற்குக் காகிதம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. [பொய். குறைதான் சொல்கிறேன்.] வரைபடத்தில் சமையலறையே இல்லை, மாட்டுக்கொட்டகைதான் இருக்கிறது என்றார்கள். அளவெடுப்பவரைக் கூட்டிவந்து, இல்லாத மாட்டை விரட்டி, இருக்கிற சமையலறையைச் சேர்த்தோம். மின்சார பாக்கி இல்லை என்று ஒரு சான்று, குப்பை வரி பாக்கி இல்லை என்று இன்னொன்று, எங்கள் பேட்டையின், அதாவது மஹல்லாவின், தலைவர் முத்திரை. ஊன்றுகோலோடு அலைந்து எல்லாவற்றையும் வாங்கினார் அக்கா.

கடைசியில் நோட்டரி அம்மா தில்பர் ஹோலிக்கோவ்னா, அக்காவின் பாஸ்போர்ட்டைப் புரட்டி, கல்யாண முத்திரை இருந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

"வீடு கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கினது. புருஷன் சம்மதம் எங்க?"

"எந்தப் புருஷன்? அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கருந்தே ஃபோன்ல மூணு தடவ தலாக் சொல்லிட்டான். தந்தூர்ல ரொட்டி ஒட்டிக்கிட்டிருந்தேன். அந்த ரொட்டி வேகுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பதினோரு வருஷம் ஆச்சு."

"அது நீங்களும் முல்லாவும் பேசிக்க வேண்டியது. எங்களுக்கு முத்திரைதான் கணக்கு. முத்திரைப்படி நீங்க இன்னும் அவரு சம்சாரம்."

"அப்படியா? கூரை ஒழுகினப்ப உங்க முத்திரை ஏறி மண்ணு பூசியிருக்கலாமே!"

3

தில்பர் ஹோலிக்கோவ்னாவை முதல் பிரதியில் ராட்சசியாகத்தான் எழுதினேன். உண்மையில் அவர் அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், பச்சைத் தேநீர் ஊற்றினார். அது எனக்கு இன்னும் எரிச்சல். ராட்சசி என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து வரலாம். கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எப்படித் திட்டுவது?

பிறகு, அவருக்கும் ஒருநாள் ரஷ்யாவிலிருந்து அதே மூன்று சொற்கள் வந்தன என்று… [அடித்துவிட்டேன். எங்கே கொஞ்சம் இடம் கிடைத்தாலும் வாசகரை அழவைக்கப் பார்க்கிறது இந்தப் புத்தி.]

4

அவனோடு பேச மாட்டேன் என்றார் அக்கா. நான்தான் ஃபோனில் அழைத்தேன். தலாக் சொன்ன அந்த நெக்மத் உற்சாகமாகப் பேசினான்.

"கையெழுத்துதானே? போட்டாப் போச்சு. அந்த மண்ணுல எனக்குப் பங்கே வேணாம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

"ஆனா ஒண்ணு, எழுத்தாளரே. அவ கேக்கட்டும். அவ வாயால, 'தயவு பண்ணுங்க'ன்னு ஒரே ஒரு தடவ."

தெருவைக் கடந்து போய் அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"அவன் விட்டப்ப நான் ஏன்னுகூட கேக்கல. இப்ப கெஞ்சணுமா? இந்த வீடு என் தலையில இடிஞ்சு விழட்டும் தம்பி."

"ஒரு வார்த்தைதானே அக்கா. குளிர் வேற வருது…"

"அப்ப நீயே போய் அவனுக்குப் பொண்டாட்டியா இரு."

5

வழக்குப் போட்டோம். முத்திரைக் கல்யாணம் ரத்தாக வேண்டும், வீடு முழுதும் அக்காவுக்கே வர வேண்டும். நீதிமன்றம் நெக்மத்துக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும். ரஷ்யாவில் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், "அவளே கேக்கட்டும், சொல்றேன்" என்று ஃபோனை வைத்துவிட்டான். ஆகவே பதிவில் இருக்கிற முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். பதிவில் அவன் இன்னும் அக்காவின் மண்வீட்டில்தான் குடியிருக்கிறான்.

இது மிகை என்று எந்த விமர்சகராவது சொன்னால், அவர் இதுவரை வீடு விற்றதில்லை.

6

முடிவு ஒன்று: அக்கா ஃபோனை எடுத்துக் கேட்டுவிடுகிறார். புது ஃபிளாட்டில் வெந்நீர் வருகிறது. ஒவ்வொரு தடவை குழாயைத் திறக்கும்போதும் அவருக்கு… மாட்டேன், எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: நெக்மத் மனம் திருந்தி… போடா டேய்.

முடிவு மூன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அக்காவின் வாசலில் தபால்காரர் முரோத் நிற்கிறார்.

"நெக்மத் அண்ணன் பேருக்குக் கோர்ட்டு தபால். அவரு இல்லன்னா வீட்டு ஆளு வாங்கலாம்க்கா. வாங்கலன்னா திரும்பிப் போயிடும். அப்புறம் கேஸ் வசந்தத்துலதான்."

"குடு."

"இதுல கையெழுத்துப் போடுங்க. பக்கத்துல, அவருக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"மனைவின்னுதான்."

"ஒரு உறவும் இல்லன்னு எழுதினா?"

"வெளியாளுக்குத் தபால் குடுக்கக் கூடாதேக்கா."

"அவன் பொண்டாட்டி இல்லன்னு சொல்லத்தானே கேசே போட்டேன்! அதுக்குப் பொண்டாட்டின்னு கையெழுத்தா?"

முரோத் ரசீதையும் பேனாவையும் நீட்டினார். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அக்கா பேனாவை என் கையில் திணித்தார்.

"மனு எழுதறவன் நீதானே. எழுது."

என்னால் முடியவில்லை. எழுதினால் அவரை அவனுக்கே மறுபடி கட்டிவைத்த பாவம் என்னுடையது. எழுதாவிட்டால் மறுபடியும் அந்தக் குழாயடி. முரோத் இன்னும் நாலு தெரு போக வேண்டும், அதிக நேரம் நிற்க மாட்டார். இந்தாருங்கள் பேனா, வாசகரே, நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள், அக்காவின் முகத்தைப் பாருங்கள்.