வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ரயர்

என் கணவர் சோமசேகரம் யாழ்ப்பாணம் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அது காலை எட்டரைக்குப் பிறகு. எட்டரைக்கு முன் அவர் சைக்கிள் ரேஸ்காரர். அரியாலையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால், காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழைக்குப் போய், மயிலிட்டிக் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டுவன், புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய் என்று பலாலி வீதிப் பக்கத்தால் திரும்பி ஏழு மணிக்குள் கிணற்றடியில் நிற்பார். இருபத்தைந்து மைல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு.

நாங்கள் கலியாணம் முடித்தது 1983 வைகாசியில். இரண்டு மாதத்தில் ஆடிக் கலவரம் வந்தது. அதன் பிறகு, ஏழு மணிக்கு வருகிறேன் என்று போன ஆம்பிளை ஏழேகாலுக்கும் வராவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது. இவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. சைக்கிளில் ஏறினால் அவர் கண்ணுக்கு வீதி மட்டும்தான் தெரியும்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் ரேஸ் ஓட்டத்தை விட்ட ஒருவரிடம் வாங்கியது. எங்கள் ஊர்ச் சைக்கிள்களுக்குப் போடுகிற றப்பர் ரயர் அதன் சில்லுகளுக்குப் பொருந்தாது. அதற்கு வேறு ஒரு வகை. ரியூப்பை உள்ளே வைத்து, துணியால் சுற்றி, அடிப்பக்கத்தைத் தைத்து மூடியிருப்பார்கள். றிம்மில் பசை பூசி அதை அப்படியே ஒட்ட வேண்டும். காற்றுப் போனால் வழியில் குந்தியிருந்து ஒட்டுப்போட முடியாது. ரயரை உரித்தெடுத்து, தையலைப் பிரித்து, ரியூப்பின் ஓட்டையை அடைத்து, திரும்பத் தைக்க வேண்டும். அது வீட்டிலிருந்து செய்கிற வேலை. அதனால் இவர் ஆசனத்துக்குக் கீழே இன்னொரு ரயரை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். ஒன்று போனால் மற்றதைப் போடலாம். இரண்டும் போனால் நடைதான்.

இவர் போட்டிருந்ததோ போட்டிக்கென்றே செய்த மெல்லிய ரயர். கையில் எடுத்தால் நிறையே தெரியாது. "எதிலை போட்டிக்கு ஓடுறனோ அதிலைதான் பழகவும் வேணும்" என்பது அவருடைய வாதம். எங்கள் வீதிகளில் கிடந்த கல்லும் நெருஞ்சி முள்ளும் உடைந்த போத்தலும் அந்த வாதத்தைக் கேட்டதில்லை. கிழமைக்கு ஒரு தரமாவது ரயரை விரித்துவைத்துக்கொண்டு கிணற்றடியில் இருப்பார்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை. ஏழு மணியானது. ஏழரையும் ஆனது. சாமியறைக்குள் போன மாமி பராசக்தி, இவருடைய அம்மா, வெளியே வரவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகச் சேலை உடுத்திக்கொண்டு வாசல் படலையடியில் நின்றேன். பஸ்ஸுக்குப் போன பக்கத்து வீட்டு மக்டலீன் ரீச்சர் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"பஸ் ஒண்டும் ஓடேல்லை, அருந்ததி. தெல்லிப்பழைப் பக்கம் ஆமிக்காரர் றோட்டை மறிச்சு ஆக்களை இறக்கி வைச்சிருக்கிறாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுகினம். இவர் வந்திட்டாரே?"

நான் உள்ளே போய் என்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் மாமி வெளியே வந்தார்.

"நீயும் எங்கை பிள்ளை போறாய்?"

"அவர் வாற பாதையாலை எதிர்த்துப் போறன் மாமி. எங்கையாவது சந்திக்கத்தானே வேணும்."

"சந்திக்காட்டி?"

ஏறி மிதித்தேன்.

திருநெல்வேலியில் கேட்டேன், கோண்டாவிலில் கேட்டேன். "ரேஸ் சைக்கிளிலை, குட்டைக் காற்சட்டையோடை, ஒராளைக் கண்டனீங்களே?" ஒருவரும் காணவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் பாதிக் கடைகளின் கதவு பூட்டியிருந்தது. திறந்திருந்தவர்களும் வாசலில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். கண்ட கண்ட எண்ணமெல்லாம் வந்தது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனாரோ? அந்தக் காற்சட்டையில் பொக்கற்றே கிடையாதே!

சந்தியைத் தாண்டி அரை மைல் போனதும் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரிடம் கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"ஆள் சைக்கிளிலை போறதைத்தான் இவ்வளவு நாளும் கண்டனான் பிள்ளை. இண்டைக்குச் சைக்கிள் ஆளிலை வருது. அங்கை பாரும்."

பார்த்தேன். வீதி வளைவில் இவர் வந்துகொண்டிருந்தார். தோளில் சைக்கிள். கழுத்தில் கயிற்றால் தொங்கிய இரண்டு சப்பாத்து. கால் வெறுங்கால். ரேஸ் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு இருப்பதால் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

இறங்கி, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, அப்படியே மதகில் குந்தி அழுதேன். அவர் ஓடிவந்தார்.

"என்ன? அம்மாவுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

"உங்களுக்குத்தான் என்ன நடந்தது?"

"மயிலிட்டியிலை ஒண்டு போச்சு. மாத்திப்போட்டன். கட்டுவன் தாண்ட மற்றதும் போச்சு."

"அவ்வளவுதானோ? தெல்லிப்பழையிலை மறிக்கேல்லையோ?"

"ஆர் மறிச்சது?"

அவருக்கு ஒன்றுமே தெரியாது. அழுகை நின்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"உதை ஆரின்ரையும் வீட்டிலை வைச்சிட்டு பஸ்ஸிலை வந்திருக்கலாம்தானே!"

"பஸ் எங்கை ஓடினது? ரெண்டு மணித்தியாலமா நடக்கிறன்." அவர் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். பெருவிரலடியில் கொப்புளம் உடைந்து செம்மண் ஒட்டியிருந்தது.

அந்தக் காலோடு அவரால் மிதிக்க முடியாது. நான் மிதித்தேன். அவர் பின்னால் கரியரில் குந்தி, ரேஸ் சைக்கிளைத் தோளில் மாட்டிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது உரும்பிராய்ச் சந்தியில் கடைக்காரர்கள் வடக்கே பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "அக்கா, ரேஸிலை நீங்களே ஓடுங்கோ!" என்று ஒருவன் கத்தினான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கச் சைக்கிள் ஆடியது. "நேரை பிடியும், நேரை பிடியும்" என்று இவர் பின்னாலிருந்து கெஞ்சினார். நான் வீடு வரைக்கும் சிரிப்பும் அழுகையுமாகத்தான் வந்தேன். படலையில் நின்ற மாமி மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால் கழுவச் சுடுதண்ணீர் வைக்கப் போனார்.

தெல்லிப்பழைக் கதையைப் பிறகு விசாரித்தோம். அச்சு முறிந்த லொறி ஒன்று வீதிக்குக் குறுக்கே நின்றதாம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை இவர் ரயர் வாங்கக் கடைக்கு வெளிக்கிட, நானும் கூடப் போனேன். பெரியகடைப் பக்கம் கிறகோரி அண்ணையின் சைக்கிள் கடை. அவரும் ஒரு காலத்தில் ஓடியவர்தான். முழங்கால் பழுதான பிறகு கடை போட்டவர்.

"என்ன சோமு, வழமையான சாமான்தானே?"

"இல்லை அண்ணை, இண்டைக்கு நான்தான் வாங்க வந்தனான்," என்றேன். "ஒவ்வொரு நாளும் ஓடத் தாங்குற ரயர் வேணும். கல்லுக்கும் முள்ளுக்கும் நிண்டுபிடிக்க வேணும். ஏழு மணிக்கு ஆளை வீட்டை கொண்டுவந்து சேர்க்க வேணும்."

அவர் இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார். கிறகோரி அண்ணை மூன்று வகையை எடுத்து மேசையில் போட்டார்.

"இது பட்டு நூல். சோமு போடுறது. கலியாண வீட்டுக்கு உடுக்கிற கூறைச் சீலை. இதைக் கட்டிக்கொண்டு ஒருத்தரும் தோட்டம் கொத்தப் போறேல்லை."

இரண்டாவது நல்ல பாரம். மேலே றப்பர் இரட்டைத் தடிப்பு. முதலில் எனக்கு அதுதான் பிடித்தது. கையில் எடுத்து வளைத்தேன். விலாப்பக்கத்தில் மயிர் போல வெடிப்புகள் தெரிந்தன. நகத்தால் கீறினேன், நூல் பிரிந்தது.

"அண்ணை, இது மேலைதான் தடிப்பு. பக்கம் உக்கிப்போச்சு. வெயில் படுற இடத்திலை கிடந்ததோ?"

கிறகோரி அண்ணை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது. "ஓம் தங்கச்சி. யன்னலிலை தூக்கியிருந்தது. பழைய ரயர் நல்லம்தான், நல்லா இறுகி வரும். ஆனால் இருட்டுக்குள்ளை வைச்சுப் பழசாக்க வேணும்." அதைச் சுருட்டி மேசைக்குக் கீழே போட்டுவிட்டார்.

மூன்றாவது பருத்தி நூல். நெசவு நெருக்கமாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் நூலுக்கிடையில் கண் தெரியவில்லை. அடித்தையல் கோணாமல் ஒரே நேராகப் போயிருந்தது. தரையில் படும் நடுப்பகுதி தடித்து, இரண்டு பக்கமும் மெலிந்து போனது. உள்ளே இருப்பது கறுத்த ரியூப் என்றும், கிழமைக்கு ஒருக்கால் காற்று அடித்தால் போதும் என்றும், இவர் போடுகிற மெல்லிய ரயர் ஒரு இரவிலேயே வாடிவிடும் என்றும் கிறகோரி அண்ணை சொன்னார். அது எனக்குத் தெரிந்த விசயம்தான். ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்கு அந்தப் பம்பின் சத்தத்தில்தான் நான் கண் விழித்தேன்.

"பாரம் அண்ணை," என்றார் இவர், முதல் தடவையாக வாய் திறந்து.

கிறகோரி அண்ணை இரண்டு கையிலும் இரண்டு ரயரை வைத்து நிறை பார்த்தார். "சில்லுக்கு மூண்டு கோழிமுட்டை நிறை கூட வரும்."

"பாரும் அருந்ததி! சில்லுக்கு மூண்டு முட்டையைக் கட்டிக்கொண்டு என்னை ஓடச் சொல்லுறீரோ?"

"புதன்கிழமை முழுச் சைக்கிளையும் தோளிலை கொண்டுவந்தனீங்கள். அது எத்தினை முட்டை?"

கிறகோரி அண்ணை மேசையில் அடித்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சோமு, போட்டி ஒரு நாள். பழக்கம் முன்னூறு நாள். பட்டைப் பெட்டிக்குள்ளை வை," என்றார். பருத்தியில் மூன்று வாங்கினோம். இரண்டு சில்லுக்கும் இரண்டு, ஆசனத்துக்குக் கீழே ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசி, ரயர்களை ஒட்டினார். முதல் கிழமை முழுக்க, "மாடு இழுக்கிற மாதிரி இருக்கு" என்ற முறைப்பாடு. இரண்டாவது கிழமை முறைப்பாடு குறைந்தது. பங்குனி முடியும்வரை ஒரே ஒரு தரம்தான் காற்றுப் போனது. அன்றைக்கும் ஏழு பத்துக்கு வந்துவிட்டார். சித்திரையில் பட்டு ரயரைப் போட்டுக்கொண்டு போட்டியில் ஓடினார். நாற்பது பேரில் நாலாவதாக வந்தார். "பாரத்திலை பழகின கால், தன்ரைபாட்டிலை போகுது" என்று மாமியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் பருத்தி ரயரைத் திரும்ப ஒட்டியதைக் கண்டேன்.

வைகாசியில் ஒரு காலை. நான் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது. மணி ஏழு ஐந்து. இவர் வழமை போல இருமிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளும் துலா ஏறி இறங்கியது. தேங்காய் துருவி முடித்திருப்பேன், மக்டலீன் ரீச்சர் தலைமுடி அவிழ்ந்த கோலத்தில் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"அருந்ததி! கட்டுவன் பக்கம் பெரிய வெடிச்சத்தமாம். சனமெல்லாம் ஓடுதாம். இவர்..."

"இவர் குளிக்கிறார்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. செய்தி வருவதற்கு முன் மனிதர் வந்துவிட்டார். கையில் சிரட்டையோடு கிணற்றடிக்கு ஓடினேன்.

"கட்டுவனிலை நிண்டனீங்களோ?"

"நிக்கேல்லை. ஓடினனான்." தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். "எனக்குப் பின்னாலை எங்கையோ வெடிச்சது. கடைக் கண்ணாடியெல்லாம் றோட்டிலை கொட்டுண்டு போச்சு. இறங்கித் தூக்கிக்கொண்டு போக நேரமில்லை. அதுக்கு மேலாலையே விட்டிட்டன். பிறகு தோட்டத்துக்குள்ளாலை, கல்லு ஒழுங்கையாலை... எனக்கே தெரியாத ஒழுங்கை எல்லாம்."

"சொல்லாமல் கொள்ளாமல் வந்து குளிக்கிறியள்?"

"சொன்னால் நீர் பயப்பிடுவீர் எண்டுதான்." அவர் வாளியை வைத்துவிட்டுச் சைக்கிளின் சில்லுகளைப் பார்த்தார்.

ஈரத் துணியோடு வந்து சைக்கிளடியில் என்னோடு குந்தியிருந்தார். சில்லை மெல்லச் சுற்றினோம். றப்பரில் கண்ணாடித் துகள்கள் வெயிலில் மின்னின. வில்லுக்கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பினார். முன்சில்லில் நாலு. பின்சில்லில் ஒன்பது. கடைசித் துண்டு நெல் அளவு, ஆழமாக ஏறியிருந்தது. அதை இழுக்கும்போது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். குமிழி வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவேயில்லை.

இவர் ரயரை ஒரு தரம் தடவினார். "நல்ல சாமான்," என்றார்.

"ஓம்," என்றேன். "எழும்புங்கோ, புட்டு ஆறுது."

அங்கே ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று மத்தியானம் அறிந்தோம். காலையில் அது தெரியாது. தெரிந்ததெல்லாம் இவர் பலகையில் குந்தி வழமையைவிட ஒரு கோப்பை கூடப் புட்டுச் சாப்பிட்டது, மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது, நான் நேரத்தை மறந்தது. அன்று பள்ளிக்கூடத்துக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். ஏன் பிந்தியது என்று அதிபர் கேட்டார். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்று சொன்னேன்.