உப்பங்கழிக்கு முதலிடம்

டிசம்பர் கடைசி ஞாயிறு என்றால் கருணாகரன் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டான். அந்த வருஷம் வந்த பாட்டு ஆல்பங்களில் தனக்குப் பிடித்தவற்றைச் சொல்லி விமலோடு சண்டை போடும் நாள் அது. திருவொற்றியூரில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி இயந்திரம் அடித்து லாரி அச்சு செய்யும் கூடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அப்போதெல்லாம் காசிமேட்டுக் கடலோரக் கற்களில் உட்கார்ந்து, நடுவில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். விமல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போன பிறகு அது போனுக்கு மாறியது.

கருணாகரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு ராயபுரத்து ஒற்றை அறையில் தனியாக இருந்தான். கூடத்தில் சம்மட்டிச் சத்தத்தில் யாரும் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. பஸ்ஸிலும் சோறு வடிக்கும்போதும் காதில் இயர்போன் இருக்கும். கேட்டதைப் பற்றிச் சொல்ல விமல் ஒருவன்தான். விமலின் மனைவியும் மகளும் சிங்கப்பூருக்கே போய்விட்டதால் அவனும் முன்போல அடிக்கடி கூப்பிடுவதில்லை.

இந்த முறையும் கருணாகரன்தான் கூப்பிட்டான்.

"இன்னா மாமு, மறந்துட்டியா?"

"மறப்பனா? எடுத்தவுடனே முதலிடத்த சொல்லிடு. இந்த வாட்டி எனக்குப் பொறுமை இல்ல."

"வியாசர்பாடி பசங்க போட்ட 'தார்ப்பாய்' ரெண்டாவது. முதல்ல 'உப்பங்கழி'."

விமல் கத்தியே விட்டான். "டேய், எனக்கும் அதான்டா! மெய்யாலுமே சொல்றேன், எனக்கும் 'உப்பங்கழி'தான்!"

இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே ஆல்பத்தைச் சொன்னது இதுதான் முதல் முறை. கருணாகரனுக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. எண்ணூர்ப் பக்கம் ஒரு பெண் கழிக்கரையில் உட்கார்ந்து, வாத்தியம் ஒன்றும் இல்லாமல் பாடிப் பதிவு செய்த ஆல்பம் அது. நாலு வரி பாடுவாள். பிறகு நெடுநேரம் பாடமாட்டாள். மறுபடி நாலு வரி.

"அந்தப் பொண்ணு பாடாம வுட்ற எடம் கீது பாரு," என்றான் கருணாகரன். "அப்டியே ஒண்ணுமே இல்லாம கெடக்கும். அதுக்கோசரமே கேப்பேன்."

"ஒண்ணுமே இல்லியா? அங்கதானே சில்வண்டு கத்துது! அத்தக் கேட்டா எனக்கு நம்ம ஊரே வந்துடுது மாமு. இங்க பதினாலாவது மாடில உக்காந்துகினு அழுதுட்டேன்."

"எந்த சில்வண்டு?"

"ஆல்பம் பூரா கத்திகினே கீதேடா. நீ ஒழுங்கா கேட்டியா இல்லியா?"

அதற்குள் விமலின் மகள் எதற்கோ அப்பாவைக் கூப்பிட்டாள். "வெக்கிறேன் மாமு, அப்பால பேசலாம்," என்று விமல் போனை வைத்துவிட்டான்.

கருணாகரன் முதல் பாட்டைப் போட்டான். அந்தக் குரல் வந்தது, நின்றது. பிறகு அவனுக்குப் பழக்கமான அமைதி. சத்தத்தைக் கூட்டினான். அமைதிதான். இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தான்.

வாசல் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இந்த வருஷம் முழுக்க அவனிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாளா என்பதே சந்தேகம்.

"அக்கா, இத்தக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இயர்போனை வாங்கிக் காதில் வைத்தாள். பெண் பாடி நிறுத்தும் இடம் வந்தது. கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது.

"அட, வண்டு கத்துது! எங்க ஊராண்ட மழ வுட்டா இப்டித்தான் நைனா, காதப் பொளந்துடும்."

"இப்பவும் கத்துதா?"

"கத்திகினேதான் கீது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடியும்வரை அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இயர்போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவள் கவனித்தாள்.

"இன்னாப்பா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தூக்க வேண்டிய தருணமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சம்மட்டிச் சத்தத்தில் மெல்லிய, கூரான ஒலிகளைக் கேட்கும் சக்தி போய்விட்டது, போனது திரும்பாது, இனி காதை அடைக்காமல் வேலை செய்தால் மிச்சமும் போகும் என்றார்.

சாயங்காலம் விமலைக் கூப்பிட்டுச் சொன்னான். விமல் முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான்.

"நானும் அதே எடத்துலதானே நின்னேன்," என்றான்.

"நீ சீக்கிரம் போயிட்ட."

விமல் பட்டியலுக்குத் திரும்பினான். "சரி வுடு மாமு. 'உப்பங்கழி'ய எடுத்துட்டு 'தார்ப்பாய' முதல்ல வெச்சிக்கோ. அதுல பூரா மோளம்தான். உனக்கு நல்லாவே கேக்கும்."

"வாணாம்."

"இல்லடா, நீ பாதிதானே கேட்டிருக்க..."

"எனக்குக் கேட்டது எனக்குப் புடிச்சிது. உனக்கு வண்டு, எனக்கு அந்த அமைதி. மாத்தாத."

விமல் மாற்றவில்லை. சிங்கப்பூரில் யாரோ பாத்திரம் எடுத்து வைத்தார்கள். அது கருணாகரனுக்குக் கேட்டது.

அடுத்த நாள் கூடத்து மேஸ்திரி மனோகரனிடம் போய்க் காது அடைப்பான் கேட்டான். மனோகரன் அலமாரியைத் துழாவி, தூசி படிந்த ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர் ஏதோ கேட்டார். கருணாகரன் அதற்குள் இரண்டு காதையும் அடைத்துவிட்டிருந்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றான். சம்மட்டி இறங்கியது. தரை அதிர்ந்து, அந்த அதிர்வு காலில் ஏறியது.