மடைக்கு அந்தப் பக்கம்

ஈட்டி எறிகிறவர்கள் இரண்டு பேராக இருந்தால் நடை மிச்சம். ஒருத்தி இந்தப் பக்கம் நின்று எறிவாள். எதிர்ப்பக்கம் ஒதுங்கி நிற்கிறவள், அது மண்ணில் குத்தியதும் போய்ப் பிடுங்கி, அங்கிருந்தே திருப்பி எறிவாள். ஈட்டிதான் போய் வந்துகொண்டிருக்கும். ரெஜிலாவும் சுஜாவும் இரண்டு வருடம் அப்படித்தான் எறிந்தார்கள். இப்போது சுஜா மட்டும் எறிகிறாள். ரெஜிலா நடக்கிறாள்.

பல்கலைக்கழகப் போட்டி நெருங்கினால் சாயங்காலங்களில் கல்லூரி மைதானத்தில் ஈட்டிக்கு இடம் கிடையாது. ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், குண்டு எறிகிறவர்கள் என்று மொத்த அணியும் இறங்கிவிடும். "எவ முதுகிலயாவது குத்திட்டுன்னா ஜெயிலுக்குப் போறது நான்" என்று தாணுமாலயன் சார் ஈட்டிக்குக் காலை நேரத்தை மட்டும் ஒதுக்கியிருந்தார். அவர்தான் உடற்கல்வி இயக்குநர். அதனால் சாயங்காலம் இரண்டு பேரும் நாகர்கோவிலில் பஸ் ஏறி சுசீந்திரத்துக்கு வந்துவிடுவார்கள். சுஜாவின் அப்பா தாணப்பனுக்கு அங்கே ரோட்டோரம் வயல். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கட்டும் வரை அது சும்மா கிடக்கும். ஒரு ஓரத்தில் டிராக்டர் போகும் பாதை, ஓடி வருவதற்கு. அதற்கு முன்னால் நீளமாக, நெல் அறுத்த தாள் நிற்கும் நிலம்.

"கம்ப நட்டு நட்டுப் புடுங்குதியளே மக்கா, ஒரு நாளாவது வேரு புடிக்க விடுங்களேன்" என்பார் தாணப்பன், வரப்பில் நின்றுகொண்டு.

"வேரு புடிச்சா பாதி ஒங்களுக்கு மாமா" என்பாள் ரெஜிலா.

அவளுக்கு ஊர் கருங்கல் பக்கம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் வேகமாகப் பேசினால் சுஜா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, ஒன் பேச்சுக்குக் கீழ எழுத்து போடணும்ட்டி" என்பாள்.

பக்கத்து வரப்பில் தண்ணீர் திருப்புகிற மடை ஒன்று இருந்தது. போன வருடம் ரெஜிலா எறிந்த ஈட்டி ஒருமுறை அந்த மடைக்கு நேராக வந்து குத்தியது. மறுநாள் மைதானத்திலும் அதே தூரம் வந்தது. சார் டேப் வைத்து அளந்தார். நாற்பத்தொரு மீட்டர். அந்தக் கல்லூரியில் எந்தப் பெண்ணும் அதுவரை எறியாத தூரம். அதிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் மடை என்றால் நாற்பத்தொன்றுதான். சுஜா மடையைத் தாண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, ஈட்டி கையை விட்ட அதே நொடியில், ரெஜிலாவின் தோளுக்குள் துணி கிழிவது போல ஏதோ நடந்தது. ஈட்டி நன்றாகத்தான் போய் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு என்னவெல்லாம் செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார். தலை வாரலாம். துணி துவைக்கலாம். ஸ்கூட்டர் ஓட்டலாம். எறிவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா கேட்க வாயெடுத்தபோது ரெஜிலா அவள் கையை அழுத்தினாள். ஆபரேஷனைப் போட்டி முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்கள்.

"கை போனா என்ன, கேப்டன் கேப்டன்தான்" என்று சார் அவளை அணியிலேயே வைத்துக்கொண்டார். காலையில் மைதானத்தில் நின்றாள். சாயங்காலம் சுஜாவோடு பஸ் ஏறினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வயலில் அவள் மடைப் பக்கம் போய் வரப்போரமாக நிற்பாள். ஈட்டி வந்து குத்தும். இடது கையால் பிடுங்குவாள். பிறகு நடை. வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது ஒரு தொந்தரவாக இருந்தது. வீசி நடந்தால் வலித்தது. கடைசியில் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் அப்படி வரும்போது பாதி வயலில் நின்றுவிட்டாள். களைப்பு ஒன்றுமில்லை. ஈட்டியின் கயிறு சுற்றிய பிடி சுஜாவின் கைச்சூட்டோடு இருந்தது. அதை அவள் விரல்கள் தானாகவே, எறிவதற்குப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தன. இடது கை விரல்கள். அவை எப்போது அதைக் கற்றுக்கொண்டன என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தூரத்தில் மருந்துவாழ்மலை மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. நிமிர்ந்தபோது சுஜா அவசரமாக முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஈட்டி கிட்டத்திலேயே விழ ஆரம்பித்தது. மடைக்கு நிறைய முன்னால். ரெஜிலாவுக்கு நடை குறைந்தது.

காலையில் மைதானத்திலும் அப்படித்தான். ரிலே ஓடுகிற அஸ்வதி கம்பியில் சாய்ந்துகொண்டு, "சுஜா, கோழி வெரட்டுதியாட்டி? இங்க கோழி ஒண்ணையும் காணோமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சுஜாவும் சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. ஈட்டியைப் பிடிக்கிற விதத்தை மாற்றச் சொன்னார். ஓட்டத்தைக் கூட்டச் சொன்னார், பிறகு குறைக்கச் சொன்னார். ஒன்றும் சரிவரவில்லை. ரெஜிலாவைக் கூப்பிட்டார்.

"நீ பாரு மக்கா. எனக்குப் பிடி கிடைக்க மாட்டேங்கு. அவ எறியுதத ஒன்ன மாதிரி பாத்தவ யாரு இருக்கா?"

ரெஜிலா பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். இரண்டாவது எறியிலேயே தெரிந்துவிட்டது. ஓடி வந்து கடைசியில் இடது காலை ஓங்கி ஊன்ற வேண்டும். உடம்பு அங்கே நின்றுவிட, அந்த வேகமெல்லாம் கைக்குப் போகும். சுஜா காலை ஓங்கி ஊன்றவில்லை. குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல மெல்ல வைத்தாள். அது தவறி வருகிற பிழை இல்லை. இரண்டு வருடத்தில் ஒருநாளும் சுஜா அந்தப் பிழையைச் செய்ததில்லை.

"என்ன தெரியுது?" என்றார் சார்.

"ஒண்ணும் தெரியல சார்."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். சுஜா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். ரெஜிலா அந்த முகத்தைப் பார்த்தாள். உன் காலை நான் பார்த்துவிட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் ஆசிரமம் ஸ்டாப்பிலும் வந்தது. சுசீந்திரம் பாலத்திலும் வந்தது. சொன்னால் சுஜா காலை ஊன்றுவாள். ஊன்றினால் இந்த வருடமே மடையைத் தாண்டுவாள். தனக்கு இனி எறி கிடையாது. எறிந்த தூரம் மட்டும் இருக்கிறது. அதை யாரும் தாண்டாமல் இருந்தால் அது இருக்கும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவ்வளவு கேட்டதற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. நாட்கள் அப்படியே போயின. ஈட்டி கிட்டத்தில் விழுந்தது. அவள் கொஞ்ச தூரம் நடந்து எடுத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை சார் அவளைத் தனியாக அழைத்தார்.

"சனிக்கிழமை கடைசியா ஒருக்க பாப்பேன். அன்னைக்கும் இப்பிடின்னா சுஜா பேர எடுத்திருவேன். குண்டு எறியுத சபிதா ஈட்டியும் எறியட்டும். கடைசி வருசப் பிள்ள, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. நீ இப்ப அவகிட்ட சொல்லாண்டாம், கேட்டியா?"

அன்று வயலில் முதல் எறி வழக்கம்போலக் கிட்டத்தில் விழுந்தது. ரெஜிலா பிடுங்கிக்கொண்டு வந்தாள். சுஜா கையை நீட்டினாள். ரெஜிலா கொடுக்கவில்லை.

"சனிக்கிழம சார் ஒனக்க பேர வெட்டப் போறாரு."

"வெட்டட்டும்."

"நீ காலு ஊனாம எறியுத."

சுஜா நீட்டிய கையை இறக்கினாள். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. தாள்களுக்கு நடுவே மேய்ந்த கொக்குகள் எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

"அன்னைக்கு நீ நடுவயல்ல நின்னியா" என்றாள் சுஜா. "எனக்கு மனசு கேக்கலட்டி. நான் தூரமா எறிய எறிய நீ அந்தக் கையப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடந்து வாற. நான் என்னத்துக்கு எறியணும்? எனக்கு ஒண்ணும் வேண்டாம். போட்டி வரும், போகும்." பிறகு கேட்டாள். "ஆமா, காலு ஊனலன்னு நீ எப்பப் பாத்த?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். சுஜா நம்பியிருப்பாள்.

"சார் பாக்கச் சொன்னாருல்லா. அன்னைக்கே."

"தெரியலன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்?"

ரெஜிலா மடையைப் பார்த்தாள். சுஜாவும் திரும்பி அதைப் பார்த்தாள். காய்ந்த மண்ணும் இரண்டு கல்லும்.

"நீ அதத் தாண்டாண்டாம்னு இருந்துச்சு."

சுஜா காலடியில் நின்ற தாளை மிதித்து மடக்கினாள்.

"அந்த அஸ்வதி வாயில கெடந்து நான் நாறுதேன்" என்றாள் சுஜா, குரலை உயர்த்தாமல். "ஒழுங்கா எறிய மாட்டியா, படிக்கவாவது செய்யின்னு அப்பா தெனமும் ஏசுதாரு. எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டு வாங்குதேன். ஒனக்கு வலிக்கப்பிடாதுன்னு. நீ அந்த ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

"சவமே" என்றாள் சுஜா.

ஈட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். பாதையின் கோடி வரை போய்த் திரும்பினாள். ஓடி வந்தாள். ரெஜிலா விலகிக்கொள்ளச் சரியாக இருந்தது. இடது கால் மண்ணில் இறங்கிய சத்தம் ரெஜிலாவின் உள்ளங்காலில் கேட்டது. ஈட்டி போன திசையை அவள் பார்த்தாள். அது உயரத்தில் ஒருமுறை நடுங்கி, சீராகி, மூக்கைத் தாழ்த்தி இறங்கியது. மடையைத் தாண்டித்தான் குத்தியது. நிறைய இல்லை. ஆனால் சந்தேகமில்லாமல் தாண்டியிருந்தது.

ரெஜிலாவின் கால்கள் பழக்கத்தில் புறப்பட்டன.

"நீ போவாண்டாம்" என்றாள் சுஜா.

அவளே நடந்து போனாள். பிடுங்கினாள். திரும்பி நடந்து வந்தாள். எறிந்தாள். மறுபடி நடந்தாள். ஒவ்வொரு முறையும் ரெஜிலாவைக் கடந்து போனாள், வரப்பில் கட்டியிருக்கும் மாட்டைக் கடப்பதுபோல. வெயில் இறங்கியதும் ஈட்டியை உறையில் போட்டுக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"நாளைக்கு நீ வராண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் சுஜா அவள் இருந்த பக்கமே வரவில்லை. அஸ்வதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் சண்டையா? போட்டி முடிஞ்சு அடிச்சிக்கிட்டா ஆவாதா? போட்டிக்குப் போவும்போது பஸ்ஸுல ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ இருப்பா?" அஸ்வதி ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

சாயங்காலம் ஹாஸ்டலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் ரெஜிலா. சனிக்கிழமை சுஜா நாற்பத்தொன்றைத் தாண்டுவாள். சார் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்ப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். அவளும் தட்டுவாள், வலது கையை இடுப்பளவில் வைத்துக்கொண்டு. அது நடந்துவிடும். அதை அவளால் தாங்க முடியும் என்று பட்டது. தாங்க முடியாதது இந்தச் சாயங்காலம்தான். அவள் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அவள் வயலுக்கு வந்தபோது சுஜா தனியாக எறிந்துகொண்டிருந்தாள். ரோட்டிலிருந்து பார்த்தால் அது விளையாட்டு போலத் தெரியவில்லை. ஒரு பெண் ஓடுகிறாள், பிறகு நெடுநேரம் நடக்கிறாள், குனிந்து எதையோ பிடுங்குகிறாள், மறுபடி நடக்கிறாள். நடைதான் அதிகம் இருந்தது.

சுஜா பாதைப் பக்கம் திரும்பிச் சேர்வது வரை ரெஜிலா ரோட்டிலேயே நின்றாள். பிறகு வரப்பில் இறங்கி, பக்கவாட்டாகவே நடந்து, மடைக்கு நேராகப் போய் நின்றாள். வழக்கமாக நிற்கிற இடம். வலது கையைப் பாக்கெட்டில் விடவில்லை. அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று விட்டாள்.

சுஜா பார்த்தாள். ஈட்டி அவள் கையில் கிடையாக இருந்தது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ பாடல் காற்றோடு வந்தது, நின்றது. சுஜா குனிந்து, ஈட்டி முனையில் அப்பியிருந்த மண்ணை விரலால் வழித்தாள். தேவைக்கு மேல் வழித்தாள்.

"தள்ளி நில்லு" என்று அங்கிருந்தே கத்தினாள்.

ரெஜிலா வரப்போரமாக ஒதுங்கினாள்.

"அங்க இல்ல. பின்னால. மடைக்கு அந்தப் பக்கம் போ."

ரெஜிலா திரும்பி நடந்தாள். மடையைக் கடந்தாள். அவள் ஈட்டி ஒருநாளும் வந்து விழாத இடம். இங்கேயும் அதே தாள்தான், அதே வெடித்த மண்தான். நேற்றும் இன்றும் சுஜா எறிந்ததில் ஏற்பட்ட சிறு குழிகள் மட்டும் அங்கங்கே இருந்தன. அவற்றை மிதிக்காமல் காலை வைத்தாள். நின்று திரும்பினாள். கண் மங்கியது. துடைத்துக்கொண்டால் அங்கிருந்து தெரியும் என்று துடைக்கவில்லை.

"போதுமா?" என்று கேட்டாள்.

"போதாது" என்றாள் சுஜா. "இன்னும் போ."

ரெஜிலா இன்னும் பின்னால் போனாள். சுஜா ஈட்டியைத் தோளுக்கு மேலே தூக்கினாள்.