சனிக்கிழமைச் சாயம்

அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பேசியதெல்லாம் கேட்டவரின் துணியில் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை துவைக்கும்போது சாயமாக இறங்கும். பேசியவர் சட்டை சுத்தமாகவே இருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டவர் சட்டைதான் மூன்று அலசு கேட்கும். "குடை எடுத்துக்கோ", "கேஸ் ஆஃப் பண்ணியா" போன்ற வாக்கியங்கள் ஆறிப்போன டீயின் நிறத்தில் வரும். குத்திக்காட்டினால் செங்கல் நிறம். மன்னிப்புக் கேட்டால் லேசான பச்சை. அந்த வீட்டில் பச்சையைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணமாகி வந்த முதல் சனிக்கிழமையே மருமகள் இதைக் கவனித்துக் கேட்டதற்கு, பஸ் டிரைவரான கணவன் "எங்க வீட்டுத் தண்ணி அப்படித்தான்" என்றான். பிளம்பர் வந்து பைப்பை மாற்றினார். வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்து, கம்மியாகத் துணி போடச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வாளியைக் கவிழ்த்தால் சாயம் சாக்கடையில் போயிற்று, பேச்சு மறுபடி வாய்க்கு வந்தது, அடுத்த வாரமும் அதே வாக்கியங்கள் புத்தம்புதிதாகக் கிடைத்தன.

மருமகளுக்கு வேலை ஒரு சாய ஆலையின் லேபில். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து, சாம்பிள் முக்கித் தர வேண்டும். இரண்டு கறுப்புகளை அருகருகே வைத்தால் எது அண்ணன் எது தம்பி என்று சொல்லிவிடுவாள் என்பதால் ஆலையில் அவளுக்குக் கண்ணுக்காரி என்று பெயர். பதினோரு வருஷம் அடுத்தவன் கேட்ட நிறத்தையே கலந்துகொடுத்தாள். சொந்தமாக ஒரே ஒரு நிறம், யாரும் இதுவரை பார்க்காதது, தன் கையால் வர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, கூடவே இருந்த நாத்தனார், "உனக்கென்ன, மகாராணி. எங்களுக்கெல்லாம் இருக்கிற கலரே போதும்" என்றாள். நாத்தனாருக்கு சினிமா தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் வேலை. அங்கே பேசுவதற்கு ஒரு சாண் அகல ஓட்டைதான் கொடுத்திருந்தார்கள். மிச்சத்தையெல்லாம் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

அந்த மகாராணி வாக்கியம் சனிக்கிழமை வாளியில் இறங்கியபோது கண்ணுக்காரி கவிழ்க்கப்போன கையை நிறுத்தினாள். நல்ல செங்கல், ஓரத்தில் கொஞ்சம் வெல்ல நிறம். ஒரு பாட்டிலில் பிடித்து, திங்கட்கிழமை லேபுக்குக் கொண்டுபோய், வெள்ளைத் துணித் துண்டை முக்கினாள். உப்பு கேட்கவில்லை, சூடு கேட்கவில்லை. பிடித்த பிடியில் ஒட்டிக்கொண்டது. லைட் பாக்ஸில் வைத்து வெயில் வெளிச்சம், டியூப் லைட், மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே நிறம். இது லேசில் நடக்காது. கடையில் ஒரு நிறமாகவும் வாசலில் ஒரு நிறமாகவும் இருக்கும் துணிகளால்தான் உலகத்தில் பாதி சண்டை. மனசாரச் சொன்ன வாக்கியம் எந்த வெளிச்சத்திலும் மாறாது என்று அன்று அவளுக்குப் புரிந்தது. மேனேஜர் துணியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அந்த சீசனில் அது ஐந்து நாடுகளில் விற்றது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. சாக்கடைக்குப் போன சாயம் பேச்சை வாயிலேயே விட்டுவைக்கும். துணியில் பிடித்துக்கொண்ட சாயம் பேச்சையும் துணியிலேயே தங்கவைத்துவிடும். நாத்தனார் அடுத்த வாரம் "உனக்கெ..." என்று ஆரம்பித்து, வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கண்ணுக்காரி இதை முதலில் லாபம் என்றே எடுத்துக்கொண்டாள். இப்படி ஒரு ஏற்பாடு கிடைத்தால் எந்த மருமகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

பிறகு கணவன் முறை. "டிப்போல லேட் ஆயிடுச்சு" என்று அவன் வாரம் நாலு தடவை சொல்லும் வாக்கியம் வெயிலில் சாம்பலாகவும் டியூப் லைட்டில் ரோஜாவாகவும் தெரிந்தது. பொய்தான் அப்படி வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். விசாரித்துப் பார்த்ததில், வண்டியை நிறுத்தியபிறகு காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான் என்று தெரிந்தது. வேறொன்றும் இல்லை. வேறு ஏதாவது இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் நடக்க நடக்க நிறம் மாறும் துணிக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் அவளுக்குத் தனி அறை கொடுத்தார். ஆலையில் எல்லோரும் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கணவன் இப்போதும் லேட்டாகவே வந்தான், காரணம் மட்டும் சொல்வதில்லை.

இரண்டு வருஷத்தில் வீட்டுப் பேச்சில் பாதி ஏற்றுமதியாகிவிட்டது. "சும்மா கேட்டேன்" போயிற்று. "நான் எதுக்குச் சொல்றேன்னா" போயிற்று. லேபிளில் அவள் அந்த வாக்கியத்தையே நிறத்தின் பெயராக எழுதினாள். பையர்கள் அதை மிகவும் ரசித்தார்கள். நல்ல நிறம் தானாகக் கிடைக்காத வாரங்களில் அவள் கிளற ஆரம்பித்தாள். வெள்ளைக் காட்டன் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில், நாத்தனாரிடம் நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி அக்கறையாகக் கேட்பாள். கணவனிடம், சாவதற்கு முன் அவன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு வந்தது கருநீலம். அதில் குழந்தைகளுக்கு ஸ்கூல் பை தைத்தார்கள். "சாப்பிட்டியா" எந்த வாரம் போனது என்று அவளுக்கே நினைவில்லை. கணவன் தட்டைக் காட்டிப் புருவத்தைத் தூக்க ஆரம்பித்தபிறகுதான் கவனித்தாள்.

ஒருநாள் நாத்தனார் பஸ் ஸ்டாப்பில், தன் வாயிலிருந்து போன வாக்கியத்தை மூன்று காலேஜ் பெண்கள் உடுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் வாயைக் கழட்டிக் கொண்டுபோய்க் கடைல தொங்கவிட்டிருக்கியே, நல்லா இருப்பியா நீ?" என்றாள். கண்ணுக்காரி, "எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க, அண்ணி" என்றாள். "சொல்லுவாங்க. சொல்றதுக்கு அவங்ககிட்ட வாய் இருக்கே!" அன்று கண்ணுக்காரியின் சட்டையிலிருந்து இறங்கிய மெரூனுக்கு இணையாக ஆலை அதுவரை ஒன்றைப் பார்த்ததில்லை. அது துணியில் பிடித்த நாளோடு நாத்தனாருக்குக் கோபப்படவும் வார்த்தை இல்லாமல் போயிற்று. இரண்டு தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு அறைக்குக் குடிபோனாள். கணவன் உஷாரானான். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான்; எழுத்து சாயம் போகாது. கட்டாயம் பேச வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைப் பார்த்தே பேசினான். வாளித் தண்ணீர் வாராவாரம் தெளிந்துகொண்டே வந்தது.

பேசுவதை நிறுத்தாதவள் மகள் ஒருத்திதான். ஏழு வயசு. முன்பல் இரண்டு விழுந்து, அந்தச் சந்து வழியாகவும் பேச்சு வந்துகொண்டிருந்தது. கண்ணுக்காரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: மகள் பேச்சு ஒட்டிய துணிகளை அவள் தனி வாளியில் போட்டாள், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட லேபுக்குப் போனதில்லை. ஆனால் கண் இருக்கிறதே. எத்தனை நிறம் இறங்கினாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய படலம் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை ஏழு தடவை அலசி, மேலே உள்ளதையெல்லாம் போக்கி, கடைசித் தண்ணீரை ஒரு சில்வர் மக்கில் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். ஏழாவது அலசில் மிஞ்சியது ஒரே சொல்தான், எல்லா வாக்கியத்துக்கும் முன்னாலோ பின்னாலோ மகள் சேர்த்துக்கொள்ளும் சொல். வெயிலில் பார்த்தாள், டியூப் லைட்டில் பார்த்தாள், மஞ்சள் பல்பில் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தேடிய நிறம் அதுதான். மக்கைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் டீக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது.

அந்த மாதம் ஆலையின் லேபில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினார்கள். நிறத்தை அதுவே பார்த்து அதுவே கலக்குமாம். மேல் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. கண்ணுக்காரி குனிந்து நிமிரும்போதெல்லாம் அது உறைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை மேனேஜர் போன் செய்தபோது அவள் சமையலறையில் கை நனைந்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "மேடம், பெரிய பையர். யாருமே பார்க்காத ஒரு கலர் வேணுமாம். ஒண்ணே ஒண்ணு. திங்கட்கிழமை சாம்பிள் வரலேன்னா உறையைப் பிரிச்சிடச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்ல." மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா, அம்மா?" என்றாள். "போய்ப் படி" என்று பதில் வந்தது. அது டீ நிறம்கூட வராத வாக்கியம்.

சனிக்கிழமை மத்தியானம், வாரம் முழுக்கத் தூங்காத கண்ணுக்காரி, வெள்ளை லேப் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனாள். மகள் பக்கத்தில் வந்து நின்று, கோட்டுப் பையை இரண்டு விரலால் விரித்து, அதற்குள் அந்த ஒரே சொல்லைச் சொல்ல ஆரம்பித்தாள். மனிதர் தூங்கினாலும் காது தூங்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் சொன்னாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தாள், ஒரு தடவை கால் மாற்றி நின்றாள். கோட்டு கனத்து, கீழ் ஓரம் தரையைத் தொட்டபோது, அம்மாவின் கையை ஒவ்வொன்றாக உருவி, அதைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுபோய் வாளியில் அமுக்கினாள்.

கண்ணுக்காரி விழித்துப் பார்த்தபோது குளியலறைச் சுவரெல்லாம் அந்த நிறம் அலையடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாளி நிறைய, கலப்படமில்லாமல். அவளுக்கு என்ன செய்ய வேண்டுமென்று தெரியும். வாளியைத் தூக்கிச் சாக்கடை ஓட்டைக்கு நேராகச் சாய்த்தாள். விளிம்புவரை வந்தது. அங்கே ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டது, கை நின்றது.

"பல்லு மாதிரி மறுபடி முளைச்சிடும்ல?" என்று கேட்டாள் மகள்.

கணவன் ஹாலில் ஃபிரிட்ஜைப் பார்த்து, "கொட்டச் சொல்லு. கொட்டிடச் சொல்லு அவளை" என்று சொல்வது கேட்டது. ஃபிரிட்ஜ் சொல்லவில்லை.

"நல்லா இருக்கா, அம்மா?" என்றாள் மகள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் கண்ணுக்காரி. வாளியை நிமிர்த்திவிட்டுக் கேன் எடுத்துவரப் போனாள்.

துணியில் பிடிக்கும்வரை சொல் வாயில்தான் இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது இருந்தது. மகள் சீப்பு காணோம் என்று கூப்பிட்டாள், கணக்கு வரவில்லை என்று கூப்பிட்டாள், காரணமே இல்லாமலும் கூப்பிட்டாள். கண்ணுக்காரி ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தாள். கேன் கதவுக்குப் பின்னால் மூடி இறுக்கப்பட்டு இருந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு லேபில் துணியை முக்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த மகள் வாயைத் திறந்து, எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவள்போல் கொஞ்சம் நின்று, "வந்துட்டீங்களா, மேடம்?" என்றாள். பையை வாங்கி வைத்தாள். மேடத்துக்குத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது என்ன நிறம் என்பதில் கடைசிவரை யாருக்கும் உடன்பாடு வரவில்லை. மேனேஜர் பழுப்பு என்றார், பையர் சிவப்பில் ஒரு வகை என்றார், உடுத்தியவர்கள் கழற்ற மனசு வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள். கண்ணுக்காரி எல்லா நிறத்துக்கும் பெயர் வைத்தவள். அதற்கு மட்டும் நம்பர் போட்டாள். கம்ப்யூட்டரின் உறையை யாரும் பிரிக்கவில்லை. மகளுக்குப் பல் இரண்டும் முளைத்தன. அவள் வளர்ந்து, காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், முதல் வேலையாக மேடத்துக்கு மூட்டுவலிக்கு நல்ல டாக்டரைப் பார்த்தாள். ஒரு குறை வைக்கவில்லை. கணவன் ரிட்டயர் ஆனபிறகும் காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான், டிப்போவிலும் யாரும் தடுக்கவில்லை. வாளித் தண்ணீர் குடிக்கலாம்போல் இருந்தது.

அந்த நிறம் மட்டும் இன்றுவரை விற்பனையில் குறையவில்லை. தெருவில் யாராவது அதை உடுத்திக்கொண்டு கடந்துபோனால் கண்ணுக்காரி சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்பாள். போகிறவர்கள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெரிய துணிக்கடையின் முதல் மாடியில் ஒரு ஸ்டாண்டு முழுக்க அதுதான் தொங்குகிறது. மாதம் ஒருமுறை அவள் அங்கே போய், அத்தனை சட்டைக்கும் எதிரில் நின்று, "இதோ வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மகள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள். "வாங்க மேடம், பஸ் போயிடும்" என்று இரண்டு தடவை சொல்வாள், மூன்றாவது தடவை சொல்வதில்லை. முதலில் கடைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்த ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டுவைத்திருக்கிறார்கள்.