அரைமணிக்காரர்

நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார் அப்பா.

“சாப்டியாம்மா?”

“அப்புறம் சாப்பிடறேன்பா.”

“அப்புறம்னா எப்ப? நான் போனதுக்கப்புறமா?”

கட்டிலின் மறுபக்கம் இருந்த மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இன்றோ நாளையோ என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர இனி ஒன்றும் இல்லை. இந்த நிலையிலும் மனிதருக்கு அடுத்தவர் வயிற்றைப் பற்றிய கவலை.

ரொட்டிக் கம்பெனியில் அவருக்குப் பெயரே அரைமணிக்காரர்தான். அரைமணி இடைவேளையில் சாப்பிட உட்கார்ந்தவர்களைச் சூப்பர்வைசர் பாதியில் எழுப்பி அடுப்படிக்கு விரட்டுவது அங்கே வழக்கம். எழுந்திருக்க மாட்டேன் என்று முதலில் சம்மணம் போட்டவர் இவர். “கூப்பிட்டா ஓடணும்னா அது இடைவேளை இல்ல, காவல் வேலை” என்பார். லீவுச் சம்பளத்தில் ஓவர்டைமைச் சேர்க்காததற்கும் ஒரு சண்டை போட்டார். “லீவு நாள்ல மட்டும் எங்க வீட்டுப் பிள்ளைங்க அரை வயிறாவா சாப்பிடுதுங்க?” என்று முதலாளியையே கேட்டார். இரண்டும் எல்லோருக்கும் கிடைத்தன. அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. அம்மா அதைச் சாகும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“மாத்தி விட வர்ற சிஸ்டர் லீவுப்பா. பதிலுக்கு ஏஜென்சியில ஆள் அனுப்பல” என்றாள் நர்ஸ்.

காலையிலிருந்து அவள் டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடிவிட்டு ஓடிவருவதுமாக இருந்தாள். கூப்பிட்டது மகள்தான். அப்பா லேசாக இருமினாலே ‘சிஸ்டர்’ என்று குரல் கொடுத்துவிடுவாள்.

“இவ இருக்கால்ல. நீ உள்ள போய் உட்கார்ந்து சாப்பிடு” என்றார் அப்பா. பிறகு மகள் பக்கம் திரும்பினார். “பாப்பா, அவளைக் கூப்பிடாத.”

நரைத்த தலையோடு பாப்பா தலையாட்டினாள்.

நர்ஸ் போகும்போது மகளின் காதோரம் சொன்னாள். “மூச்சு விட்டு விட்டு வரும்க்கா. அவருக்கு வலி இருக்காது. பக்கத்துல இருந்தா போதும்.”

அப்பா கண்ணை மூடினார். தூக்கம் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மூச்சு வந்து, அடுத்தது வரத் தாமதமானது. மகள் எழுந்துவிட்டாள். இதைத் தனியாகப் பார்க்க அவளால் முடியாது. இத்தனை நாளும் அவளை அரித்தது அந்த ஒரு பயம்தான்.

பக்கத்து அறைக்கு ஓடினாள். கை பட்டதும் கதவு விலகியது. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றிப் போட்டு, நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். இவள் இப்படி நிம்மதியாகச் சாப்பிட்டு மகள் பார்த்ததே இல்லை. கூப்பிடாமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

திரும்பி வந்து அப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட பழைய தழும்புகள். அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“நான் இருக்கேன்பா.”

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை. ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வந்து நாடி பார்த்தாள்.

“ஏன்க்கா என்னைக் கூப்பிடல?”

“சாப்பிட்டீங்களா சிஸ்டர்?”

“சாப்பிட்டேன்.” அவள் குரல் உடைந்தது.

மகள் போனை எடுத்தாள். அண்ணன், சித்தப்பா, கம்பெனி ஆட்கள் என்று சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நர்ஸ் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“டாக்டருக்கு நான் சொல்லிடறேன். அப்பா பக்கத்துல நான் இருக்கேன். நீங்க உள்ள போய்க் கொஞ்சம் உட்காருங்க.”

பக்கத்து அறையில் நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. மகள் போய் உட்கார்ந்தாள். வெளியே போன் அடித்தது. அண்ணனாகத்தான் இருக்கும், மணிக்கொரு தரம் விசாரிக்கிறவன். எழப் போனாள்.

“அவங்க இடைவேளையில இருக்காங்க சார்” என்று நர்ஸ் சொல்வது கேட்டது. “முடிஞ்சதும் அவங்களே பேசுவாங்க.”

எழப் போனவள் அப்படியே உட்கார்ந்தாள். கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாக அழத் தொடங்கினாள்.